தோணிரேவு டு லைடன்: வெளிநாட்டுப் படிப்புக்கு சைக்கிளும் முதுகுப்பையும் போதுமா?

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் மீனவக் கிராமங்களில் ஒன்று தோணிரேவு. 'ரேவு' என்றால் தெலுங்கில் துறை. தோணி வந்து அடையும் துறை என்பதுதான் பெயரின் பொருள். இங்கிருந்து பக்கத்து ரயில் நிலையமான பொன்னேரிக்குப் போகவே 20 கிலோமீட்டர் அளவுக்குப் பயணம் செய்ய வேண்டும். இந்தக் கரையில் பிறந்த ஒரு பெண்ணோ பையனோ 7,500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் நெதர்லாந்தில் படிக்க முடியுமா?

"ஏன் முடியாது? அங்கே எல்லாரும் சைக்கிள்லதான் போறாங்க, செலவே இல்லை. லீவு விட்டா பையை மாட்டிக்கிட்டு ஐரோப்பா முழுக்க சுத்தலாம்" என்று ரீல்ஸ் பார்த்தவர்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. அங்கே போய்ச் சேர்ந்தபின் வாழ்வதற்குச் சைக்கிள் பெரிய துணைதான். ஆனால் போய்ச் சேர்வதற்கான கதவு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கும் சாவி சாதிச் சான்றிதழிலும், வீட்டுப் பட்டாவிலும், சரியான நேரத்தில் கிடைக்கும் தகவலிலும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நெதர்லாந்துக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன உறவு?

400 ஆண்டு உறவு. 1610-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் வணிகம் செய்ய விஜயநகர அரசிடம் அனுமதி பெற்றது. 1613-இல் ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடுதான். மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய வாசல் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டத்தை இன்றும் சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கிருந்து துணி போனது. மனிதர்களும் போனார்கள். 1621 முதல் 1665 வரை சோழமண்டலக் கரையிலிருந்து 38,000-க்கும் அதிகமானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்த இடம் படேவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா. அந்த வணிகத்தில் பழவேற்காடு முக்கியமான துறைமுகம். இந்தக் கரையிலிருந்து 'வெளிநாடு போன' முதல் பெருங்கூட்டங்களில் ஒன்று விருப்பப்பட்டுப் போன கூட்டம் இல்லை.

படிப்பும் இங்கிருந்து அங்கே போயிருக்கிறது. 1632-இல் பழவேற்காட்டுக்கு வந்த டச்சுப் பாதிரியார் ஆபிரகாம் ரொஜேரியஸ் பத்து ஆண்டுகள் இங்கே தங்கினார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் இந்நாட்டு வழக்கங்களையும் பர்த்ருஹரியின் சமஸ்கிருதப் பாடல்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் இறந்தபிறகு 1651-இல் அது லைடன் நகரில் புத்தகமாக வந்தது. சமஸ்கிருதப் பாடல்கள் ஓர் ஐரோப்பிய மொழிக்குப் போனதில் மிக முந்தைய முயற்சி அது. ஒரு வெளிநாட்டு மாணவர் பழவேற்காட்டில் தங்கிப் படித்துவிட்டுத் திரும்பிய கதை என்றே இதைச் சொல்லலாம்.

நம் காலத்திலும் இது தொடர்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் பாவிங்க், சோழமண்டலக் கடற்கரை மீனவர்களின் ஊர்க் கட்டுப்பாடுகளையும் விசைப்படகுகளோடு அவர்களுக்கு இருக்கும் மோதலையும் ஆராய்ந்து 2001-இல் ஒரு நூல் வெளியிட்டார். நம்மைப் பற்றிப் படிக்க அவர்கள் வருகிறார்கள். அவர்கள் நாட்டில் படிக்க இந்தக் கரையிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள்?

இதற்கு முன் போனவர்கள் யார்?

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் இதற்கு நல்ல உதாரணம். ஐ.பி.எஸ். பணிக்குத் தேர்வாகியும் அதை விட்டுவிட்டு, 1949-இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் நெதர்லாந்தின் வாகனிங்கன் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே உருளைக்கிழங்கின் மரபியலைப் படித்தார். அடுத்து கேம்பிரிட்ஜ் போய், 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் இந்திய வேளாண்மையில் செய்தது எல்லாருக்கும் தெரியும்.

வரலாற்றுத் துறையில் யாழ்ப்பாணத் தமிழரான சின்னப்பா அரசரத்தினம் இருக்கிறார். இலங்கையில் டச்சு ஆட்சி பற்றிய அவருடைய நூல் 1958-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியானது. பின்னாளில் சோழமண்டலக் கரை வணிகர்கள் பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் அடிப்படை நூல். வங்காளத்தைச் சேர்ந்த தபன் ராய்சௌத்ரி, 1605 முதல் 1690 வரையிலான டச்சுக் கம்பெனியின் சோழமண்டல வணிகத்தைப் பற்றி எழுதிய ஆய்வு 1962-இல் தி ஹேக் நகரில் வெளியானது. இருவரும் டச்சு ஆவணங்களை டச்சு மொழியிலேயே வாசித்தவர்கள்.

2000-க்குப் பிறகு லைடன் பல்கலைக்கழகம் 'தனாப்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆசிய மாணவர்களை அழைத்துப் பழைய டச்சுக் கையெழுத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தது. அதில் போன இந்தியர்கள் கொச்சி, கண்ணனூர், குஜராத் ஆகிய இடங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார்கள். புத்தகங்களும் வந்தன. பழவேற்காட்டைப் பற்றி அந்த ஆவணங்களில் இருப்பதை இந்த ஊரில் பிறந்த ஒருவரே வாசிக்க வாய்ப்பு இருக்கிறது என்பதற்கு இது சாட்சி.

அங்கே சைக்கிள் உண்மையில் எவ்வளவு உதவும்?

நெதர்லாந்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 1.8 கோடி. சைக்கிள்களோ 2.3 கோடி. மக்கள் மேற்கொள்ளும் பயணங்களில் கால்பங்குக்கு மேல் சைக்கிளில்தான். உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் மட்டும் 12,500 சைக்கிள் நிறுத்தும் மூன்றடுக்கு நிறுத்தகம் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. பேராசிரியரும் சைக்கிள்தான், அமைச்சரும் சைக்கிள்தான். 'காசில்லாதவன் ஓட்டும் வண்டி' என்ற பெயர் அங்கே அதற்கு இல்லை. புதிதாகப் போகும் மாணவருக்கு இது பெரிய நிம்மதி.

இது அவர்களுக்கும் இயல்பாக வந்ததில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேயும் கார்கள்தான் தெருவைப் பிடித்தன. 1971-இல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே பெற்றோர் போராட்டம் தொடங்கினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை வந்தது. தனிச் சைக்கிள் பாதைகள் அதன்பிறகுதான் பெருகின.

தமிழ்நாட்டுக்கும் இதில் சொந்தக் கதை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாகப் பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதை முன்னின்று நடத்தினார். "சைக்கிள் வந்தபிறகு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை" என்ற நிலை அந்தப் பெண்களுக்கு உருவானது. பிறகு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா சைக்கிள் வந்தது. பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை மிதித்த மாணவிக்கு, லைடனில் சைக்கிள் மிதிப்பது புதுசு இல்லை. புதுசாக இருப்பவை வேறு.

முதல் வாரத்தில் எதில் தடுமாறுவார்கள்?

முதலில் பிரேக். பழைய டச்சு சைக்கிள் பலவற்றில் கைப்பிடியில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் வண்டி நிற்கும். நம்மூர்ப் பழக்கத்தில் சும்மா பின்னால் சுற்றினால் நட்டநடுப் பாதையில் வண்டி நின்றுவிடும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். ஓர் அரைமணி நேரம் ஆளில்லாத தெருவில் பழகிவிட்டு ரோட்டுக்கு வருவது நல்லது.

அடுத்தது வலது பக்கம். அங்கே வாகனங்கள் வலப்புறமாகப் போகும். திரும்பும்போது கையை நீட்டிக் காட்ட வேண்டும். இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். 2019 ஜூலை முதல் சைக்கிள் ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது குற்றம். அபராதம் 100 யூரோவுக்கு மேல் வரும். நம்மூர்க் கணக்கில் 10,000 ரூபாயைத் தாண்டிவிடும்.

மூன்றாவது திருட்டு. அங்கே சைக்கிள் திருட்டு சர்வசாதாரணம். 'வண்டி 100 யூரோ, பூட்டு 50 யூரோ' என்று மாணவர்கள் சொல்வது வேடிக்கைக்கு மட்டும் இல்லை. சக்கரத்தைப் பூட்டும் வளையப் பூட்டு ஒன்று, கம்பத்தோடு கட்டும் சங்கிலி ஒன்று என இரண்டும் வேண்டும். தெருவில் யாராவது 20 யூரோவுக்கு சைக்கிள் நீட்டினால் வாங்கவே கூடாது. திருட்டு வண்டி என்றால் வாங்கியவரும் மாட்டிக்கொள்வார்.

நான்காவது காற்று. மேடு இல்லாத நாடு, ஆனால் எதிர்காற்று மலையேறுவது போலத்தான். கடல் தடுப்பணை ஒன்றின்மேல் எதிர்காற்று சைக்கிள் போட்டியே நடத்துகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாடையா கொண்டலா என்று பார்த்துவிட்டே படகெடுக்கும் வீட்டிலிருந்து போகிறவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். போகும்போது எதிர்காற்று என்றால் திரும்பும்போது பின்காற்று என்ற ஆறுதலும் இருக்கிறது.

லைடனிலிருந்து தி ஹேக் ஏறக்குறைய 20 கிலோமீட்டருக்குள். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி போகும் தூரம் மாதிரிதான். அங்கே முழுத் தூரமும் சைக்கிள் பாதை இருக்கிறது.

முதுகுப்பையோடு சுற்ற முடியுமா?

முடியும். நெதர்லாந்தில் மாணவருக்கான வசிப்பு அனுமதி அட்டை கையில் இருந்தால், ஷெங்கன் பகுதியின் மற்ற நாடுகளுக்குத் தனி விசா வேண்டாம். எந்த 180 நாள் காலத்திலும் 90 நாள் வரை மற்ற நாடுகளில் இருக்கலாம். 2025 நிலவரப்படி இந்தப் பகுதியில் 29 நாடுகள் உள்ளன. பிரிட்டன், அயர்லாந்து இதில் சேராது.

குறைந்த செலவில் சுற்றுவதற்கு அங்கே சைக்கிள் பாதைகளே வழிகாட்டுகின்றன. சந்திப்புக்குச் சந்திப்பு எண் எழுதிய பலகை இருக்கும். 23-லிருந்து 45, அங்கிருந்து 12 என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டால் வரைபடமே தேவையில்லை. 1990-களில் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இந்த முறை உருவானது. சுரங்கத்துக்குள் வழி தவறாமல் இருக்கப் போட்ட எண்கள்தான் இதற்கு முன்மாதிரி.

தங்குவதற்கு, 1984-இல் தொடங்கிய 'சைக்கிள் நண்பர்கள்' என்ற அமைப்பு இருக்கிறது. நடந்தோ சைக்கிளிலோ வருகிறவர்களுக்கு உறுப்பினர்கள் தங்கள் வீட்டில் ஓர் அறையும் காலை உணவும் தருவார்கள். கட்டணம் ஹோட்டலைவிட மிகக் குறைவு.

சைக்கிளிலேயே ஐரோப்பா போன இந்தியரும் உண்டு. ஒடிசாவில் தீண்டாமைக் கொடுமையை அனுபவித்த குடும்பத்தில் பிறந்து, டெல்லியில் ஓவியம் படித்த பி.கே.மகாநந்தியா, 1977 ஜனவரியில் பழைய சைக்கிள் ஒன்றில் டெல்லியிலிருந்து கிளம்பினார். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி வழியாக ஐரோப்பாவை அடைந்து, ஸ்வீடனில் இருந்த தன் காதலியிடம் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் படம் வரைந்து கொடுத்துச் சாப்பிட்டார். அந்தத் தரைவழி 1979-இல் ஈரான் புரட்சியாலும் ஆப்கானிஸ்தான் போராலும் அடைபட்டது. இன்று விசாவும் வங்கிக் கணக்கும் இல்லாமல் முதல் எல்லையையே தாண்ட முடியாது. அவர் கதை அழகானது, ஆனால் இன்றைய மாணவருக்கு அது திட்டம் ஆகாது.

மொத்தச் செலவு எவ்வளவு? சைக்கிள் எவ்வளவு மிச்சப்படுத்தும்?

கணக்கு எளிதாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு நெதர்லாந்தில் முதுகலைக் கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 15,000 முதல் 25,000 யூரோ வரை. நடுவில் 20,000 யூரோ என்றால் 20 லட்சம் ரூபாய்.

வாழ்க்கைச் செலவுக்கு மாதம் 1,100 யூரோவுக்கு மேல் இருக்கிறது என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறைக்குக் காட்ட வேண்டும். ஆண்டுக்கு 13 லட்சம் ரூபாய்க்கு மேல். பல பல்கலைக்கழகங்கள் இந்தத் தொகையை முன்கூட்டியே தங்கள் கணக்கில் போடச் சொல்லும், அங்கே போனபின் திருப்பித் தரும்.

ஆக, ஓராண்டுக்கு ஏறக்குறைய 33 லட்சம் ரூபாய். விமான டிக்கெட், விசா கட்டணம், குளிர் உடை தனி.

இதில் சைக்கிளின் பங்கு என்ன? பஸ், டிராமுக்கு மாதம் 70 யூரோ ஆகும் என்று வைத்தால் ஆண்டுக்கு 840 யூரோ. பழைய சைக்கிளும் பூட்டும் 150 யூரோ. மிச்சம் 690 யூரோ, அதாவது 69,000 ரூபாய். ஒரு மீனவக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆனால் 33 லட்சத்தில் அது 2 சதவீதம்தான்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'அங்கே சிக்கனமாக இருந்தால் சமாளித்துவிடலாம்' என்ற பேச்சு, மீதி 98 சதவீதத்துக்குப் பதில் சொல்வதில்லை.

பகுதிநேர வேலை கைகொடுக்குமா?

ஓரளவுக்கு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர் வாரத்துக்கு 16 மணி நேரம் வேலை செய்யலாம். அல்லது ஜூன், ஜூலை, ஆகஸ்டில் முழுநேரம் செய்யலாம். 21 வயதானவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 14 யூரோவைத் தாண்டிவிட்டது. காகிதத்தில் கணக்குப் போட்டால் மாதம் 900 யூரோ வருகிறது.

நடைமுறையில் இரண்டு முடிச்சுகள். வேலை கொடுப்பவர் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். சின்னக் கடைக்காரர்கள் "எதுக்கு இந்தத் தலைவலி?" என்று உள்ளூர் மாணவரையே எடுத்துக்கொள்வார்கள். வேலையில் சேர்ந்துவிட்டால் டச்சு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அதற்கு மாதம் ஏறக்குறைய 150 யூரோ போகும், அதில் ஒரு பகுதியை அரசு உதவியாகத் திரும்பப் பெறலாம். வேலையை நம்பிக் கிளம்பக் கூடாது, கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

படித்து முடித்தபின் 'தேடல் ஆண்டு' என்ற ஓராண்டு அனுமதி உண்டு. அந்த ஓராண்டில் வேலை தேடலாம், தனி அனுமதி இல்லாமல் வேலையும் பார்க்கலாம். கடனை அடைக்க நினைப்பவர்களுக்கு முக்கியமான ஆண்டு இதுதான்.

யாருக்கு எந்த உதவித்தொகை?

ஏரிக்கரையில் பல சமூகத்தார் வாழ்கிறார்கள். கடலோர மீனவச் சமூகங்கள் பெரும்பாலும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளன. பட்டியல் சாதியைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பங்களும், பழங்குடியினரான இருளர்களும் இருக்கிறார்கள். ஒரே ஏரி, ஒரே வலை. ஆனால் வெளிநாட்டுப் படிப்பு என்று வரும்போது பாதைகள் பிரிந்துவிடுகின்றன.

பட்டியல் சாதியினருக்கு: மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைத் திட்டத்தில் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 125 இடங்கள். கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமான டிக்கெட் எல்லாம் இதில் வரும். வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் பெயரில் நடத்தும் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டத்தில் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மேலே போட்ட 33 லட்சத்தோடு ஒப்பிட்டால் இதன் மதிப்பு புரியும்.

பழங்குடியினருக்கு: மாநிலத் திட்டத்தோடு, மத்திய பழங்குடியினர் அமைச்சகத்தின் தனி உதவித்தொகையும் உண்டு. ஆனால் நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு 20 இடங்கள்தான்.

மிகவும் பிற்படுத்தப்பட்ட மீனவருக்கு: இங்கேதான் இடைவெளி. 125 இடங்கள் கொண்ட தேசியத் திட்டத்தில் பட்டியல் சாதியினர், சீர்மரபினர் மற்றும் நாடோடிச் சமூகத்தினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் இருக்கிறார்கள். மீனவர் என்ற பிரிவு தனியாக இல்லை. நிலமற்ற விவசாயக் கூலியின் பிள்ளை விண்ணப்பிக்கலாம். நிலமும் இல்லாமல், ஏரியையே நம்பி வாழும் மீனவரின் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடமில்லை.

இன்னொரு தடையையும் கவனிக்க வேண்டும். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குத் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை கிடையாது என்று 2022-இல் வந்த வழிகாட்டுதல் சொன்னது. அதாவது, பழவேற்காட்டு டச்சு ஆவணங்களை லைடனில் படிக்க விரும்பும் பட்டியல் சாதி மாணவருக்கு இந்தக் கதவு சாத்தப்படுகிறது. அதே மாணவர் நீரியலோ மீன்வளமோ படிக்கப் போனால் திறக்கிறது. விண்ணப்பிக்கும் ஆண்டின் வழிகாட்டுதலை முழுதாக வாசித்துவிட்டே பாடத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

சாதி, வருமானம் பார்க்காத வழிகள் உண்டா?

உண்டு, போட்டி கடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைத் திட்டங்களில் தேர்வானால் கட்டணம் கிடையாது, மாதம் 1,400 யூரோ 24 மாதம் வரை கிடைக்கும். இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிரிவளம் சார்ந்த முதுகலை இதற்கு ஓர் உதாரணம். ஊர் சுற்றும் ஆசையும் படிப்பும் ஒன்றாக நிறைவேறும் பாதை இதுதான்.

நெதர்லாந்தின் 'என்.எல். ஸ்காலர்ஷிப்' ஒரே ஒருமுறை 5,000 யூரோ தரும். 33 லட்சத்தில் 5 லட்சம், உதவிதான், தீர்வு இல்லை. லைடன் பல்கலைக்கழகத்தின் சிறப்பு உதவித்தொகை 10,000 யூரோவில் தொடங்குகிறது.

பாடத்தைப் பொறுத்தவரை ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு மூன்று இடங்கள் நேராகப் பொருந்தும். வாகனிங்கனில் மீன்வளர்ப்பு மற்றும் கடல்வள மேலாண்மை முதுகலை இருக்கிறது. டெல்ஃப்ட் நகரில் 1957 முதல் நீர்க் கல்விக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. லைடனில் ஆசிய வரலாறு இருக்கிறது.

இவர்கள் விண்ணப்பக் கடிதத்தில் எழுத வேண்டியது வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. முகத்துவாரம் மணல் மூடினால் ஏரியில் இறால் என்ன ஆகிறது? 'பாடு' முறையில் சீட்டுக் குலுக்கி யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று எப்படி முறை வைக்கிறார்கள்? இதையெல்லாம் ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் தங்கிக் கேட்டு எழுதுகிறார்கள். வீட்டில் சோறு போடும் விஷயமாக அறிந்தவர் எழுதினால் அந்தக் கடிதத்துக்குத் தனி எடை வரும்.

கடன் வாங்கிப் போகலாமா?

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை பிணை வேண்டாம். 4 லட்சத்துக்கு மேல் 7.5 லட்சம் வரை மூன்றாம் நபர் ஜாமீன். அதற்கு மேல் சொத்துப் பிணை. பெரிய பல்கலைக்கழகங்களுக்குச் சில வங்கிகள் விதிவிலக்கு தருவதுண்டு.

33 லட்சம் தேவைப்படும் இடத்தில் சொத்துப் பிணை என்றால் பட்டா. கடலோரக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வீட்டுக்கும் தெளிவான பட்டா இல்லாத குடும்பங்கள் பல. படகும் வலையும் இருந்தாலும் அவற்றை வைத்து இவ்வளவு பெரிய கல்விக் கடன் கிடைப்பது கடினம். நகரத்தில் ஒரு ஃபிளாட் வைத்திருக்கும் குடும்பத்தின் சராசரி மாணவருக்குக் கிடைக்கும் கடன், ஏரிக்கரையின் முதல் மாணவருக்குக் கிடைக்காமல் போவது இங்கேதான். பிற்படுத்தப்பட்டோருக்கான தமிழ்நாடு அரசின் 'டாப்செட்கோ' மூலம் கல்விக் கடன் வாய்ப்பு உள்ளதா என்று மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகத்தில் முதலில் கேட்பது நல்லது. வட்டிக்கு வாங்கிப் போவது மட்டும் வேண்டாம்.

இப்போதே என்ன செய்யலாம்?

பாஸ்போர்ட் எடுத்து வைக்கலாம். கல்லூரி இரண்டாம் ஆண்டிலேயே வருமானச் சான்று, சாதிச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றில் பெயரும் முன்னெழுத்தும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று சரிபார்க்கலாம். கடைசி நேரத்தில் காலை வாருவது பெரும்பாலும் இதுதான்.

செப்டம்பரில் தொடங்கும் வகுப்புக்கான பல உதவித்தொகை விண்ணப்பங்கள் பிப்ரவரி அல்லது மே தொடக்கத்தில் முடிந்துவிடும். எராஸ்மஸ் முண்டஸ் அதற்கும் முன்பே, பெரும்பாலும் ஜனவரிக்குள். அப்படியானால் ஆங்கிலத் தேர்வை முந்தைய நவம்பருக்குள் முடிக்க வேண்டும். நெதர்லாந்து விசாவுக்குப் பல்கலைக்கழகமே மாணவர் சார்பில் விண்ணப்பிக்கும். ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

அறை கிடைக்கும் முன் கிளம்பக் கூடாது. அங்கே மாணவர் விடுதித் தட்டுப்பாடு கடுமையானது. 'வீடு உறுதியாகாவிட்டால் வராதீர்கள்' என்று பல்கலைக்கழகங்களே எச்சரிக்கின்றன. பார்க்காத அறைக்கு முன்பணம் கேட்பவர்களிடம் ஜாக்கிரதை.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்கள் விசாவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டச்சுக் கம்பெனி ஆவணங்கள் 2003-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுனோடு சென்னையும் அதில் ஒன்று. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் டச்சுப் பதிவுகள் இருக்கின்றன. தி ஹேக் காப்பகத்தில் உள்ள கம்பெனி ஆவணங்களில் கிட்டத்தட்ட 50 லட்சம் பக்கங்களைக் கணினியால் வாசித்துத் தேடக்கூடியதாக்கும் வேலையை 'குளோபலைஸ்' என்ற டச்சு ஆய்வுத் திட்டம் செய்துவருகிறது. போனில் இணையம் இருந்தால் 'பலியாகட்டா' என்று டச்சுக்காரர்கள் எழுதிய பழவேற்காட்டை அந்தப் பக்கங்களில் தேடிப் பார்க்கலாம்.

நடக்கக்கூடியதா, கனவா?

சைக்கிள் மிதிக்கும் காலும், காற்றைப் படிக்கும் கண்ணும், கொஞ்சத்தில் வாழும் பழக்கமும் ஏரிக்கரைப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வெளிநாடு போன மாணவர்கள் பலர் தட்டுத்தடுமாறிக் கற்பது இவற்றைத்தான். இல்லாதது, கிளம்பும் நாளில் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டிய 33 லட்சம்.

அந்தத் தொகைக்கு, ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு மாநில அரசு ஒரு வழி போட்டிருக்கிறது. அதே கரையில் அதே வலையை இழுக்கும் மற்ற மீனவப் பிள்ளைகளுக்கு அதற்கு இணையான வழி வந்தால், பொன்னேரி ரயில் நிலையத்தில் முதுகுப்பையோடு நிற்கும் முகங்களில் சில ஏரிக்கரையிலிருந்து வந்தவையாக இருக்கும்.